ஸ்டேஷன் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து ரயில் டிக்கெட் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போனில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. செயலி வராத அப்பா அம்மா, வங்கிக் கணக்கில் பணம் வைத்துக்கொள்ளாத கூலித் தொழிலாளி, போனில் சார்ஜ் தீர்ந்தவர், இன்னும் கையில் நோட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் ஆகியோருக்காக எழுதியது. தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் வழக்கமாக எழும் சிக்கல்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விதிகள் இந்திய ரயில்வே முழுவதற்கும் பொது.

கவுண்டரில் "ஜிபே மட்டும்தான்" என்று சொல்ல முடியுமா?

முடியாது. ரூபாய் நோட்டு சட்டப்படி செல்லும் பணம், ரயில்வேயும் ரொக்கத்தை நிறுத்தவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் க்யூஆர் காட்டும் சின்னத் திரை வைத்திருப்பது கூடுதல் வசதி, அவ்வளவுதான். நடைமுறையில் நடப்பது வேறு: "சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணிடுங்க" என்று கிளார்க் கேட்பார். அது வேண்டுகோள், உத்தரவு இல்லை. போனில் பணம் இருந்தால் ஸ்கேன் செய்துவிட்டுப் போவது இருவருக்கும் நல்லது. இல்லையென்றால் "கேஷ்தான் இருக்கு சார்" என்று சொல்லி நிற்கலாம்.

சரியான சில்லறை கொண்டுவந்தால்தான் டிக்கெட் என்கிறார்கள். இது நியாயமா?

வரிசையில் நிற்பவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் குறையும்.

புறநகர் ரயிலில் டிக்கெட் 5, 10, 15 ரூபாய். காலை ஏழரை மணிக்கு மாம்பலத்திலோ கிண்டியிலோ வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் நாலு பேர் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். ஏடிஎம்மில் அதுதான் வருகிறது. முதல் ஆளுக்கு 490 ரூபாய் மீதி கொடுத்தாலே மேசை டிராயரில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டுகளில் நாலு காலி. மூன்றாவது ஆள் வரும்போது பத்து ரூபாய் அடுக்கு தீர்ந்துவிடும். அப்புறம் யாராவது சில்லறையாகக் கொடுத்தால்தான் அடுத்த ஐநூறை உடைக்க முடியும்.

"பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். அங்கேதான் விஷயம். கிளார்க் வேலையில் உட்காரும்போது தன் சொந்தப் பணம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விஜிலன்ஸ்காரர்கள் (ரயில்வேயின் கண்காணிப்புப் பிரிவினர்) திடீரென்று வந்து டிராயரையும் பையையும் எண்ணுவார்கள். கணக்குக்கு மேல் இருந்தால் பயணிகளிடம் கூடுதலாக வாங்கியதாகச் சந்தேகம், குறைந்தால் அவர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். அதனால் சொந்தக் காசையும் ஸ்டேஷன் காசையும் கலக்க யாரும் துணிய மாட்டார்கள்.

அதற்காக "சில்லறை இல்லை, போ" என்று டிக்கெட்டே தராமல் துரத்துவதும் சரியில்லை. பக்கத்துக் கவுண்டரில் மாற்றித் தரச் சொல்லலாம், ஒரு நிமிடம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவர்கள் தரும் சில்லறையைச் சேர்த்துக் கொடுக்கலாம். பல கிளார்க்குகள் அப்படித்தான் செய்கிறார்கள். தினமும் ரயிலில் போகிறவர் முதல் நாள் மளிகைக் கடையிலேயே ஐநூறை உடைத்துவிடுவது உத்தமம். தேநீர்க் கடையில் போய்ச் சில்லறை கேட்டால் அங்கேயும் அதே பதில்தான் வரும்.

மீதிப் பணம் குறைவாக வந்தது, நகர்ந்த பிறகுதான் கவனித்தேன். கேட்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் நிரூபிப்பது கஷ்டம். கவுண்டருக்கு மேலேயே டிக்கெட்டையும் மீதியையும் சரிபார்த்துவிட்டு நகரச் சொல்லி எழுதிவைத்திருப்பார்கள். அதை மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. பின்னாலிருந்து "சீக்கிரம் சார்" என்று முதுகில் இடித்தாலும் கண்ணாடி முன்னாலேயே நின்று எண்ணுங்கள். நோட்டைக் கொடுக்கும்போது "ஐநூறு கொடுத்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்வது இன்னும் நல்லது. நூறா ஐநூறா என்ற தகராறுதான் கவுண்டரில் மிகச் சாதாரணமாக வருவது.

நகர்ந்துவிட்டீர்கள் என்றால் உடனே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். கிளார்க் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் புக்கிங் சூப்பர்வைசரைக் கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து பணத்தை ஒப்படைக்கும்போது டிக்கெட் விற்ற தொகையும் கையிருப்பும் பொருந்த வேண்டும். உங்கள் 400 ரூபாய் அங்கே அதிகமாக நின்றால் தெரிந்துவிடும். எனவே பெயரையும் டிக்கெட் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார். செல்லாதா?

செல்லும். 10 ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. ரூபாய் சின்னம் உள்ளது, இல்லாதது என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரே தடவையில் 1000 ரூபாய் வரை கொடுக்கலாம். 50 காசு என்றால் 10 ரூபாய் வரை. 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு முடிந்துபோயின.

உரிமை இருக்கிறது என்பதற்காக உண்டியலை உடைத்து முந்நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் நாணயமாகக் கொட்டினால் பின்னால் நிற்பவர்கள் உங்களை விட மாட்டார்கள்.

கிழிந்த நோட்டு, ஒட்டுப்போட்ட நோட்டு?

கவுண்டரில் வாதாடாதீர்கள். கிழிந்த நோட்டை மாற்றித் தரும் வேலை வங்கிக் கிளைகளுடையது. உங்களுக்கு அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 20 ரூபாய் வரையான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை கிடைக்கும். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40லிருந்து 80 வரை என்றால் பாதி. மாறாக, கிளார்க் உங்களுக்கு மீதியாகத் தரும் நோட்டு கிழிந்திருந்தால், அங்கேயே "வேற கொடுங்க" என்று திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

வீட்டில் ஒரு 2000 ரூபாய் நோட்டு கிடைத்தது. டிக்கெட்டுக்குக் கொடுக்கலாமா?

சட்டப்படி அது இன்னும் செல்லும் பணம்தான். 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், வங்கிகளில் மாற்றும் காலம் அந்த ஆண்டு அக்டோபர் 7இல் முடிந்தது. இப்போது ரிசர்வ் வங்கி அலுவலகங்களில்தான் கணக்கில் சேர்க்க முடியும். தபால் மூலம் அனுப்பவும் வழி உண்டு. எந்தக் கிளார்க்கும் வாங்கத் தயங்குவார், அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது. சென்னைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: ரிசர்வ் வங்கி அலுவலகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

2016 நவம்பரில் நிலைமை தலைகீழ். 500, 1000 செல்லாது என்று அறிவித்த பிறகும் ரயில்வே கவுண்டரில் சில வாரங்கள் பழைய நோட்டை வாங்கினார்கள். உடனே போகவே போகாத ஊருக்கெல்லாம் ஏசி முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்து, ரத்து செய்து புது நோட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று கூட்டம் கிளம்பியது. ரயில்வே விழித்துக்கொண்டு, பெரிய தொகை டிக்கெட்டுகளுக்குப் பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தருவதை நிறுத்தியது.

தானியங்கி டிக்கெட் இயந்திரத்தில் நோட்டைப் போடலாமா?

ஸ்டேஷன்களில் பரவலாக இருக்கும் ஏடிவிஎம் இயந்திரம் நோட்டை விழுங்காது. அதற்கு ஸ்மார்ட் கார்டு வேண்டும், அல்லது திரையில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்ய வேண்டும். ஆனால் பல இடங்களில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். ஊர் பெயரைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தால் தன் கார்டில் டிக்கெட் எடுத்துத் தருவார். இவர்களை ரயில்வேதான் நியமித்திருக்கிறது, கமிஷனும் ரயில்வே தருகிறது. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் தொகையைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

கவுண்டரில் வரிசை வாசல் வரை நீண்டிருக்கும்போது இவர் முன்னால் நாலு பேர்தான் இருப்பார்கள். பலருக்கு இது தெரியாததால் நமக்கு லாபம்.

"எந்த வண்டி?" என்று கிளார்க் ஏன் கேட்கிறார்? ஊர் பெயர் போதாதா?

போதாது. முன்பதிவில்லாத டிக்கெட்டில் அதிகமாக ஃபைன் கட்டுபவர்கள் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாதவர்கள்தான்.

ஒரே ஊருக்குப் பாசஞ்சர் கட்டணம் ஒன்று, எக்ஸ்பிரஸ் கட்டணம் ஒன்று, சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேல் இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் சேரும். எழும்பூரிலிருந்து விழுப்புரம் போக வேண்டும் என்று வையுங்கள். "விழுப்புரம் ஒண்ணு" என்று சொல்லி விலை குறைந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நிற்கிறதே என்று வைகையில் ஏறினால் டி.டி.ஆர் (டிக்கெட் பரிசோதகர்) விட மாட்டார். வைகை சூப்பர்ஃபாஸ்ட்.

வண்டி எண்ணைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். 12, 20, 22 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்கள் சூப்பர்ஃபாஸ்ட் வரிசை. 16 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ். 5, 6 என்று தொடங்குபவை பாசஞ்சர், மெமு (மின்சாரப் பாசஞ்சர்) வகை. வைகையின் எண் 12635. பெயர் மட்டும் நம்பகமில்லை, பெயரில் "எக்ஸ்பிரஸ்" என்று போட்டிருக்கும் பல வண்டிகள் சூப்பர்ஃபாஸ்ட்தான்.

இதில் ஒரு பழைய குழப்பமும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளையெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டினார்கள், பத்து ரூபாய் தூரத்துக்கு முப்பது வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் பழைய கட்டணத்துக்குத் திரும்பினார்கள். அதனால் "போன தடவை முப்பது கொடுத்தேனே" என்று சிலரும், "எப்பவும் பத்துதானே" என்று சிலரும் இன்னும் கவுண்டரில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

கண்ணாடி முன் வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: "விழுப்புரம், எக்ஸ்பிரஸ், ரெண்டு ஃபுல், ஒரு ஆஃப்." ஐந்து வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். வந்தே பாரத்தில் பொதுப்பெட்டியே கிடையாது, அதற்கு இந்த வரிசையில் நின்று பயனில்லை.

காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் போகலாமா?

முன்பதிவில்லாத டிக்கெட், 199 கிலோமீட்டர் வரை என்றால் கூடாது. டிக்கெட் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த முதல் வண்டியில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே வாங்கி வைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மூன்று நாள் முன்னதாகவே வாங்கலாம். தீபாவளி, பொங்கலுக்கு மதுரை, திருநெல்வேலி பக்கம் போகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சீட்டுக்கு உத்தரவாதம் இல்லை, வரிசையில் நிற்கும் நேரம்தான் மிச்சம்.

தப்பான ஊருக்கு அடித்துக் கொடுத்துவிட்டார்.

கண்ணாடியை விட்டு நகராமல் அப்போதே சொன்னால் ரத்து செய்து வேறு கொடுத்துவிடுவார். திருவள்ளூர், திருவாரூர் போன்ற பெயர்கள் கண்ணாடித் துளை வழியாக ஒரே மாதிரிதான் காதில் விழும். அதனால் டிக்கெட்டில் ஊர், வண்டி வகை, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். பிளாட்பாரம் வரை போய்த் திரும்பினால் அது உங்கள் சொந்த ரத்து என்று ஆகிவிடும்.

முன்பதிவில்லாத டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு கிடைக்கும்?

வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஆளுக்கு 30 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். டிக்கெட்டே 30 ரூபாய்க்குள் என்றால் எதுவும் கிடைக்காது.

வரிசை நகரவே இல்லை, வண்டி கிளம்பப் போகிறது. ஏறிவிட்டு உள்ளே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாமா?

ஏறி உட்கார்ந்துகொண்டு, டி.டி.ஆர் வந்ததும் "கவுண்டரில் கூட்டம்" என்று சொன்னால் அது டிக்கெட் இல்லாப் பயணம்தான். ரயில்வே சட்டம் 138ஆம் பிரிவுப்படி கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது அபராதம். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 260 கட்டுவது இப்படித்தான்.

நேர்மையான வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 55ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு கட்டணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு பயணம் செய்ய இடம் தருகிறது. அதற்கு ஒரு சான்று எழுதித் தருவார்கள், மக்கள் வழக்கில் இது கார்டு (Guard) சர்ட்டிஃபிகேட். அந்தச் சான்று கையில் இருந்தால் கட்டணம் மட்டும்தான், அபராதம் கிடையாது என்று 138ஆம் பிரிவே சொல்கிறது. கார்டு என்ற பதவிக்கு 2022இலிருந்து டிரெயின் மேனேஜர் என்று பெயர், வண்டியின் கடைசிப் பெட்டியில் இருப்பார். ஓடிப்போய் அவரைப் பிடித்துச் சொல்ல வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் கட்டாயம் தர வேண்டும் என்று இல்லை, கூட்ட நேரத்தில் மறுக்கவும் செய்வார். ஆனால் கவுண்டர் மூடியிருந்த சிறிய ஸ்டேஷனில், கணினி நின்றுபோன நேரத்தில், இது உண்மையிலேயே உதவும்.

வண்டிக்குள் எந்தக் காரணத்துக்குப் பணம் கட்டினாலும் ரசீது வாங்காமல் விடாதீர்கள். ரசீது இல்லாத "ஃபைன்" ரயில்வேக்குப் போய்ச் சேராது.

பிளாட்பாரம் டிக்கெட் இருந்தால் வண்டியில் ஏறலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நிற்பதற்கு மட்டும். பயணத்துக்கு அது அனுமதி இல்லை. நீங்கள் எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்று காட்ட உதவும், அதனால் வண்டி புறப்பட்ட ஊரிலிருந்து கணக்குப் போடாமல் விடுவார்கள். அபராதத்திலிருந்து தப்பிக்க வைக்காது.

ரொக்கம் கொடுத்து ரிசர்வேஷன் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு வரிசையில் நில்லுங்கள், கவுண்டருக்கு வந்து பேனா தேடாதீர்கள். ஒரு படிவத்தில் ஆறு பேர், தட்கலில் நாலு பேர். இப்போது 60 நாள் முன்னதாகத்தான் பதிவு, 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11. கவுண்டரில் தட்கல் எடுக்கும்போது செல்போனுக்கு ஓடிபி வந்து அதைச் சொன்னால்தான் டிக்கெட் என்ற முறையும் வந்துவிட்டது. ரொக்கம்தான் கொடுக்கிறோம், போன் எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தால் 11 மணிக்குத் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேறொருவருக்காக வரிசையில் நிற்பவர், எந்த எண்ணைப் படிவத்தில் எழுதினாரோ அந்தப் போன் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுபோங்கள். கிளார்க் விவரத்தை அடித்து முடிப்பதற்குள் ஸ்லீப்பர் தீர்ந்து மூன்றாம் ஏசிதான் இருக்கிறது என்பார், அப்போது ஏடிஎம்முக்கு ஓட முடியாது. மூத்த குடிமக்கள் சலுகையைக் கணக்கில் வைத்துப் பணம் எடுத்து வருபவர்களும் உண்டு. அந்தச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். முழுக் கட்டணமாகவே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் வாங்கிய டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. பணம் தானாக வருமா?

வராது. ஆன்லைன் டிக்கெட்டுக்குத்தான் தானாகத் திரும்பும். காகித டிக்கெட் என்றால் வண்டி புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பாவது கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி கிடைக்கும். ரொக்கமாக வாங்கியதற்கு ரொக்கமாகவே தருவார்கள், யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தக் கணக்குக்குப் போகும்.

நேரில் போக முடியவில்லை என்றால், பதிவின்போது கொடுத்த செல்போன் எண்ணை வைத்து 139 (ரயில்வே உதவி எண்) வழியாகவோ ஐஆர்சிடிசி தளத்திலோ ரத்து செய்துவிட்டு, உரிய நேரத்துக்குள் கவுண்டரில் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். படிவத்தில் ஏதோ ஓர் எண்ணைக் கிறுக்கியவர்களுக்கு இந்த வழி அடைபட்டுப்போகும். "பேப்பர் டிக்கெட்தானே, வெயிட்டிங்கிலேயே ஸ்லீப்பரில் ஏறிக்கொள்ளலாம்" என்ற பழைய பழக்கமும் இனி வேலைக்கு ஆகாது. பொதுப்பெட்டிக்குத்தான் அனுப்புவார்கள்.

ரிசர்வேஷன் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன், போட்டோ இருக்கிறது.

கவுண்டர் டிக்கெட்டுக்கு அசல் காகிதம்தான் டிக்கெட், போட்டோ செல்லாது. உறுதியான டிக்கெட் அல்லது ஆர்ஏசி (உட்கார இடம் மட்டும் உறுதியானது) என்றால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாராவதற்கு முன் போய் விண்ணப்பித்தால் ஸ்லீப்பருக்கும் இரண்டாம் வகுப்புக்கும் 50 ரூபாய், மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய்க்கு நகல் தருவார்கள். சார்ட் ஆன பிறகு என்றால் உறுதியான டிக்கெட்டுக்கு மட்டும்தான், அதுவும் கட்டணத்தில் பாதி கட்ட வேண்டும். போட்டோ எடுத்து வைப்பதால் ஒரே நன்மை, பிஎன்ஆர் எண் (முன்பதிவு எண்) கையில் இருக்கும்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் கவுண்டரே இல்லை, கடைக்காரர்தான் டிக்கெட் தருகிறார். சரியா?

சரிதான். சிறிய ஹால்ட் ஸ்டேஷன்களில் கமிஷன் அடிப்படையில் ஏஜெண்டுகள் டிக்கெட் விற்கிறார்கள். நகரங்களில் ஸ்டேஷனுக்கு வெளியே ஜன சாதாரண் டிக்கெட் கடைகளும் உண்டு, அங்கே ஆளுக்கு ஓரிரு ரூபாய் சேவைக் கட்டணம் சேரும். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

யுபிஐயில் பணம் போய்விட்டது, டிக்கெட் அச்சாகவில்லை. கிளார்க்கிடம் ரொக்கமாகத் திருப்பிக் கேட்கலாமா?

அவர் டிராயரில் அந்தப் பணம் வரவில்லை, அதனால் தர முடியாது. வங்கி வழியாகத்தான் உங்கள் கணக்குக்குத் திரும்பும். அவசரம் என்றால் ரொக்கம் கொடுத்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பரிவர்த்தனை எண்ணைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

சீசன் டிக்கெட்டையும் ரொக்கத்தில் வாங்கலாமா?

தாராளமாக. முதல் தடவை போட்டோவும் அடையாள அட்டையும் வேண்டும். பழையது முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம் என்பதால், மாத முதல் தேதிக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை பெரிய நோட்டைக் கொடுத்தால் தினசரிச் சில்லறைத் தொல்லையும் போய்விடும்.

புகார் எங்கே சொல்வது?

முதலில் புக்கிங் சூப்பர்வைசர் அல்லது ஸ்டேஷன் மாஸ்டர். புகார்ப் புத்தகம் கேட்டால் தர வேண்டும். 139க்குப் போன் செய்யலாம், 'ரயில் மதத்' (RailMadad) என்ற ரயில்வே புகார்த் தளத்திலும் பதியலாம். கவுண்டர் எண், தேதி, நேரம், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண் நான்கையும் சொன்னால் எந்தக் கிளார்க், எந்த ஷிஃப்ட் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். "நேத்து காலைல ஒருத்தர் திட்டினார்" என்று மட்டும் எழுதினால், வருத்தம் தெரிவித்து ஒரு குறுஞ்செய்தி வரும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.